உள் வளையத்தில் நான்கு அடி

நான் கஞ்சன். இதை என் மனைவி சொன்னால் கோபம் வரும், நானே சொல்லிக்கொண்டால் வராது. செஞ்சியில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். ஊரில் எனக்கு ரைட்டர் என்று பெயர். அடுத்தவர் சொத்தை ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக் கொடுக்கிறவன் என்று மரியாதை உண்டு. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

என்னிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன சித்திரை மாசம் பின்பக்க இடது சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டினால் 'ஊங்' என்று ஊதும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். திண்டிவனம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தார்.

"வீல் பேரிங் போயிடுச்சு சார். ரெண்டு பேரிங்கு, ஒரு சீலு. கூலி எழுநூறு."

"முக்கா மணி நேர வேலைக்கு எழுநூறா?"

"நீங்க ஒரு பத்திரத்துக்கு எவ்ளோ வாங்குறீங்க சார்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வண்டியைக் கீழே இறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க யூடியூபில் பேரிங் மாற்றுகிறவர்களைப் பார்த்தேன். தமிழில் ஒருவர், இந்தியில் ஒருவர், என்ன பாஷை என்றே தெரியாமல் ஒருவர். எல்லாருக்கும் வந்தது எனக்கு வராதா? ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் செட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. எழுநூறு ரூபாய் நம் பையிலேயே இருக்கும்.

பேரிங் வாங்கப் போன இடம் பஜாரில் புதிதாகத் திறந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் விழுப்புரத்தில் ஒரு பெரிய கடையில் கவுன்ட்டரில் நின்றவர். மனைவியின் நகையை அடகு வைத்துச் சொந்தமாகப் போட்ட கடை என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். கடையே மூன்று ஆள் நின்றால் நிறைந்துவிடும். பெரிய கடைக்காரர்கள் தராத ஒரு வசதி அவரிடம் இருந்தது, பேரிங்கை அழுத்தி இறக்குகிற ஒரு சின்ன ஹேண்ட் பிரஸ் பின்னால் வைத்திருந்தார்.

"சக்கரத்துக்கு உள்ள இருக்கிற டிரம்ம மட்டும் கழட்டி எடுத்துக்கினு வாங்க சார். பிரஸ்ல வெச்சு உக்கார வெச்சுத் தரேன். நூத்தம்பது ரூபா குடுங்க போதும்."

"வேணாம்பா, நானே தட்டிக்கறேன்."

"சரி சார். ஆனா ஒண்ணு, வெளி வளையத்துல மட்டும் தட்டுங்க. உள் வளையத்துல அடி பட்டுச்சுன்னா உள்ள இருக்கிற குண்டு எல்லாம் பள்ளம் போட்டுடும். புது பேரிங்கே பத்து நாளைக்குத்தான் வரும். வெளி வளைய சைஸுக்கு வெச்சுத் தட்ட சாக்கெட் இல்லன்னா எங்கிட்ட இருக்குது, எடுத்துக்கினு போங்க, நாளைக்கு குடுங்க."

இதைவிட ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கும்போது, ஒரு பேரிங்கைக் கையில் எடுத்து, விரலால் வளையத்தைத் தொட்டுக் காட்டி, இங்கே அடிக்கலாம், இங்கே கூடாது என்று சொன்னார். எனக்கோ என் வயசில் பாதி வயசுக்காரன் பாடம் எடுக்கிறானே என்று எரிச்சல். எல்லாம் தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு, பில்லில் இருபது ரூபாயைக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். சாக்கெட்டை வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது பேரிங் இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்கும், டிரம்மை வெயிலில் போட்டால் அது கொஞ்சம் விரியும், அப்போது லேசாக இறங்கும் என்று அந்த யூடியூப் ஆள் சொல்லியிருந்தார். அதுவரை எல்லாம் சரிதான். என் மனைவி ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவள் கத்திவிட்டாள்.

"இன்னாங்க இது! பால் வெக்கற எடத்துல இரும்ப வெச்சிருக்கிறீங்க?"

"கவர்ல சுத்தித்தான வெச்சிருக்குது."

"அந்த கிரீஸ்ல இன்னா கொழுப்பு கலந்திருக்குதோ! எந்தப் பிராணியோ! நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில வெக்கிறீங்களே, புத்தி இருக்குதா?"

நாங்கள் சமணர். வெங்காயம், பூண்டு, கிழங்கு வீட்டுக்குள் வராது. கிரீஸில் என்ன இருக்கிறது என்று எந்த சமண சாஸ்திரத்திலும் எழுதவில்லை என்று நான் வாதாடினேன். அவள் பாலை எடுத்து வெளியே வைத்துவிட்டாள், அது மத்தியானம் திரிந்துபோனது. அந்தப் பால் காசை நான் என் மிச்சக் கணக்கில் கழிக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. ஃப்ரீசரில் இருந்த குளிர்ச்சியும் போச்சு. மறுபடி குளிரட்டும் என்று காத்திருந்து, மூன்றரை மணிக்கு மேல்தான் வேலையை ஆரம்பித்தேன். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் திருப்பவே அரை மணி ஆயிற்று. பழைய பேரிங்குகளைப் பின்பக்கமிருந்து கம்பி வைத்துத் தட்டி வெளியே எடுத்தேன். அவை விழுந்த சத்தம் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பத்து ஏக்கர் கிரயம் எழுதினால்கூட வராது. முதல் பேரிங்கை வெளி வளையத்தில் மட்டும் பழைய பேரிங்கையே வைத்துத் தட்டி அழகாக இறக்கினேன். இரண்டாவதின் பழசு எடுக்கும்போதே உடைந்திருந்ததால், அதுதான் பாதியில் சாய்ந்து நின்றுகொண்டது.

அதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் சூரியன் மறைந்தபிறகு சாப்பாடு கிடையாது. என் மனைவி ஒரு நாள்கூட மீறியதில்லை. எங்கள் வீடு ஊரின் கிழக்குப் பக்கம், சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால்தான் இறங்கும். மலைக்குப் பின்னால் போனால் அஸ்தமனமா, இல்லை நிஜமாக அடிவானத்துக்குக் கீழே போனால்தான் அஸ்தமனமா என்று எங்களுக்குள் கல்யாணமானதிலிருந்து தகராறு. மலைதான் கணக்கு என்பாள் அவள். கேலண்டரில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு என்பேன் நான். அன்றைக்குச் சூரியன் மலைமேல் இருக்கும் கோட்டைச் சுவருக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"சாப்ட வர்றீங்களா இல்லியா? எடுத்து வெச்சுடுவேன், அப்பறம் ராத்திரி முழுக்கப் பட்டினி கெடங்க!"

எனக்குப் பசி. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதுதான். பேரிங்கை வெளியே எடுத்து நேராக வைத்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், சரியான சாக்கெட் வேண்டும், சாக்கெட் கடைக்காரரிடம் இருந்தது. பக்கத்தில் ஒரு குழாய்த் துண்டு கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன், உள் வளையத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. தெரிந்தேதான் வைத்தேன். சுத்தியலால் நான்கு அடி அடித்தேன். பேரிங் போய் உட்கார்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, லைட்டைப் போட்டு மீதி வேலையை முடித்துச் சக்கரத்தை மாட்டினேன்.

மறுநாள் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. நான் சும்மா இருப்பேனா? பதிவு அலுவலகத்து வாசலில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். எழுநூறு மிச்சம், நூற்றைம்பது மிச்சம், ஆகமொத்தம் எண்ணூற்றைம்பது என்று விரல்விட்டு எண்ணினேன். மெக்கானிக் எல்லாரும் பகல் கொள்ளைக்காரர்கள் என்றேன். சக ரைட்டர் ஒருவர் தன் வண்டிக்கும் நானே மாற்றித் தருவேனா என்று கேட்கும் அளவுக்குப் பேசியிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் மனைவியோடு திண்டிவனம் போய்த் திரும்பும்போது அந்தச் சத்தம் திரும்ப வந்தது. முன்னைவிட மோசமாக, கரகரவென்று. இறங்கிச் சக்கரத்தைத் தொட்டேன், கை சுட்டது. முப்பதுக்கு மேல் போகாமல் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மதியம் அலுவலகத்துக்குப் போகாமல் டிரம்மைக் கழற்றினேன். இரண்டாவது பேரிங் கையில் சுற்றும்போதே தடக் தடக்கென்று தட்டியது. உள் வளையத்தில் குழாய்த் துண்டின் விளிம்பு பட்ட இடம் நான்கும் நன்றாகத் தெரிந்தன. என்ன நடந்தது என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இங்கே பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்த நொடியில் எனக்கு வந்த எண்ணம், ஐயோ தப்பு செய்துவிட்டோமே என்பது அல்ல. ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்பதுதான்.

அலமாரியில் உப்புத் தாள் இருந்தது. ஒரு துண்டு கிழித்து, உட்கார்ந்து, அந்த நான்கு அடிகளையும் தேய்த்தேன். பதினைந்து நிமிஷம் தேய்த்திருப்பேன். ஒருமுறை சர்வே நம்பரைச் சுரண்டித் திருத்திய பழைய பத்திரம் ஒன்றை ஒருவன் என் மேஜைக்குக் கொண்டுவந்தான். அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியவன் நான். அதே கை.

"இன்னாத்துக்குத் தேய்க்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"துரு" என்றேன்.

டிரம்மைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், டிராக்டருக்கு பெல்ட் வாங்க வந்த ஒரு விவசாயி. யாருமில்லாத நேரம் பார்த்துப் போயிருக்கலாம். ஆள் இருந்ததே எனக்கு வசதியாகத்தான் பட்டது. பேரிங்கைக் கவுன்ட்டர் மேல் டொக்கென்று வைத்தேன்.

"இன்னாய்யா மால் இது? கம்பெனி டப்பாவுல லோக்கல் மால் போட்டு விக்கிறியா? இருபது நாள்கூட ஓடல. எம் பொண்டாட்டி வண்டில உக்காந்திருந்தா. ரோட்டுல சக்கரம் கழண்டு வந்திருந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவர் வாயைத் திறக்கவே நான் விடவில்லை. புதுக் கடை போட்டால் ஊரை ஏமாற்றலாம் என்று நினைப்பா, நாங்கள் எல்லாம் படிக்காதவர்களா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு நானே மனு எழுதுவேன் என்றெல்லாம் கத்தினேன். எனக்குக் கத்துவது சுலபம். எதிராளி பேச முடியாமல் நிற்கும் அளவுக்கு வார்த்தை வரும், அது தொழிலில் வந்த வினை. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பேரிங்கைப் பார்த்தார்கள், பிறகு கடைக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உள் வளையத்தின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுத் தடவினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திக் குடுத்துடறேன் சார்" என்றார். "டிரம் வண்டில இருக்குதா? குடுங்க, பிரஸ்ல வெச்சு நானே போட்டுத் தரேன். காசு வேணாம்."

போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரிங்கையும் புதிதாகவே மாற்றினார். ஒருவருக்கும் நஷ்டமில்லாதது போல வேலையை முடித்துத் துடைத்து டிரம்மை என் கையில் கொடுத்தார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. வண்டி இன்றைக்கு வரைக்கும் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் நானே மறந்திருப்பேன். ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குக் கடையில் இருந்த ஆட்டோக்காரரில் ஒருவர், நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருப்பவர், இன்னொரு டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புதுக் கடையிலயா வாங்குன? அவன்கிட்ட போவாதடா. அத்தனையும் டூப்ளிகேட்டு. இதோ ரைட்டர் சாரே போய் கலாட்டா பண்ணாரு, வாயத் தெறக்காம மாத்திக் குடுத்துட்டான். தப்பு இல்லன்னா எதுக்கு மாத்துறான்? இன்னா சார்?"

என்னைப் பார்த்துக் கேட்டார். என் கையில் டீ. இல்லப்பா, என் தப்பு அது என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. நான் டீயைக் குடித்துக்கொண்டு, "ம்" என்றேன். எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு 'ம்'. அவர் அவருக்கு வேண்டியதாக எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். முன்பு கடை வாசலில் இரண்டு மூன்று ஆட்டோ நிற்கும், இப்போது நிற்பதில்லை. கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பஜாரை விட்டு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். அது சுற்று வழி, பெட்ரோலும் கூட ஆகும். ஆகட்டும் என்று போனேன்.

புரட்டாசிக்கு முன்னால் எங்கள் ஆட்களுக்கு தசலட்சண பர்வம் வரும். பத்து நாள் விரதமும் பூஜையும் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கிற நாள். ஒருவரை ஒருவர் பார்த்து, போன வருஷத்தில் மனசாலோ வாக்காலோ உடம்பாலோ ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்பார்கள். என் சின்ன வயசில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். இப்போது வாட்ஸப். எங்கள் குரூப்பில் யாரோ ஒரு படம் அனுப்பினார்கள், ரோஜாப்பூ, கைகூப்பிய உருவம், 'தெரிந்தோ தெரியாமலோ தங்கள் மனம் புண்படும்படி நடந்திருந்தால் என்னை மன்னித்தருள வேண்டுகிறேன்' என்று கீழே. மனைவி சொன்னாள், "எல்லாருக்கும் அனுப்புங்க. ஒருத்தர்கூட விடாதீங்க."

போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் தள்ளிவிட்டேன். கிளையன்ட், கேஸ் கம்பெனி, பால்காரர், டிவி ரிப்பேர் எல்லாருக்கும். அதில் 'பேரிங் கடை' என்று ஒரு நம்பர் இருந்தது எனக்கு நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணி. மேஜையைச் சுற்றிக் கூட்டம். தொண்டூர்க்காரர் ஒருவர், எங்கள் ஆள்தான், தன் பெண்ணுக்குச் சொத்தைச் செட்டில்மென்ட் பத்திரமாக எழுத வந்திருந்தார். பதிவுக்குக் கொடுத்த டோக்கன் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் கடைக்காரர் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன், மனசுக்குள் பதில்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"சார், மெசேஜ் பாத்தேன். காலையிலேயே எம் பொண்டாட்டிகிட்ட காட்டிட்டேன். அவளுக்கு அழுகையே வந்துடுச்சு."

எனக்கு முதலில் என்ன மெசேஜ் என்றே புரியவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். உப்புத் தாள் போட்ட கோடு தெரிஞ்சுது. சொல்லியிருப்பேன், அத்தன பேரு இருந்தாங்க. நீங்க ஊர்ல ஒரு பெரிய மனுஷன், உங்கள அசிங்கப்படுத்தி எனக்கு இன்னா ஆவப்போவுது? இன்னிக்கு நீங்களா மனசு வந்து கேட்டீங்க பாருங்க, எனக்கு அதுவே போதும் சார். எம் மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியுது இல்ல, அது போதும்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபடி, ஆமாம்பா, மன்னிச்சுடு என்று சொல்லப் போனேன். சத்தியமாகச் சொல்லப் போனேன். ஓசியில் வந்த மன்னிப்பு, கையை நீட்டினால் கிடைத்துவிடும். அவர் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். தொண்டூர்க்காரர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அட, இந்த ரோஜாப்பூவா! எனக்கும்தான் அனுப்புனாரு." தன் போனையும் எடுத்து நீட்டினார். "எங்க ஆளுங்க வருஷா வருஷம் அனுப்புவோம் தம்பி. இருக்கிற நம்பருக்கு எல்லாம் போய்டும்."

அவர் நல்ல மனிதர். ஒரு பழக்கத்தை வெளியாளுக்கு விளக்குகிற சந்தோஷத்தில் சொன்னார். இரண்டு போனிலும் ஒரே பூ, ஒரே எழுத்து. கடைக்காரர் இரண்டையும் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்கு பேரிங்கைத் தடவிவிட்டுப் பார்த்தாரே, அந்தப் பார்வைகூட இல்லை இது. சீக்கிரமாகக் கண்ணை எடுத்துக்கொண்டார், நான் சங்கடப்படக் கூடாது என்று.

"ஓ, எல்லாருக்கும் அனுப்புறதா? நல்ல பழக்கம் சார்" என்றார். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். டோக்கன் கூப்பிட்டார்கள். 'எவருடைய தூண்டுதலும் இன்றி, என் சுய சம்மதத்தின் பேரில்' என்று அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்து, பிரிண்ட் எடுத்து, தொண்டூர்க்காரரோடு உள்ளே போனேன். இரண்டு இடத்தில் தப்பாக அடித்திருக்கிறேன், ரிஜிஸ்டிரார் சுட்டிக் காட்டினார். என் இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மூன்று மணிக்கு மேஜையைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தேன். இனிமேல் விடக்கூடாது என்ற வேகம். குங்குமப் பொட்டுக்காரர் ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூட நான்கு டிரைவர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அன்னிக்கு பேரிங் கடையில நான் கத்துனது பொய்யிப்பா. அவரு மால் நல்ல மால். நான்தான் உள் வளையத்துல அடிச்சு ஒடச்சேன். அடிச்சது தெரியக்கூடாதுன்னு தேச்சு எடுத்துக்கினு போனேன். அவரு மேல ஒரு தப்பும் கெடையாது."

பொட்டுக்காரர் சிரித்தார்.

"இன்னா சார், காலையில உங்க ஆபீசுக்கு வந்தானாமே? நம்ம பையன் பாத்துட்டு வந்து சொன்னான், கண்ணு கலங்கிக்கினு நின்னான்னு. வந்து கெஞ்சுனானா? பாவம்னு பேசறீங்களா?"

"இல்லய்யா! நெசமாவே நான்தான்..."

"விடுங்க சார். உங்களுக்கு எளகுன மனசு. உங்க ஆளுங்களே அப்படித்தான், எறும்பக்கூட மிதிக்க மாட்டீங்க. நீங்க போய் பொய் சொல்லுவீங்களா? பத்திரம் எழுதுற கையி." பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "பாத்துக்கங்கடா, ஏமாத்துனவனுக்கே வந்து பரிஞ்சு பேசறாரு. இவரு பெரிய மனுஷன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் கையைப் பிடித்து ஆட்டோவிலிருந்து இழுத்தேன். வாய்யா, அந்தக் கடைக்கே போகலாம், அவர் முன்னாடியே சொல்கிறேன், அப்பவாவது நம்புவியா என்று கத்திக்கொண்டே பஜார் வழியாக இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டது. கடைக்காரர் எழுந்து நின்றார். நான் மூச்சிரைக்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். குழாய்த் துண்டு, நான்கு அடி, உப்புத் தாள் எல்லாம். சொல்லிவிட்டு, "சொல்லுப்பா, நான் சொல்றது நெசமா இல்லியா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கடைக்குள் ஏதோ பல்பு வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் அதைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு மெல்ல வெளியே நழுவினார். கடைக்காரர் அந்த ஆள் போவதையும் பார்த்தார். பிறகு கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்து, என் தோளைத் தொட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமா போவும், இதப் பத்தி இனிமே பேசாதீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. "நாலு மாசமா இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கினு இருந்தாங்க. நீங்க பேசப் பேச டூப்ளிகேட்டு, டூப்ளிகேட்டுன்னு அதேதான் திரும்பித் திரும்பி அவங்க காதுல வுழுவுது. நான் ஆமான்னு சொன்னாலும், உங்கள நான்தான் சொல்ல வெச்சேன்னு சொல்லுவாங்க. போங்க சார், வீட்டுக்குப் போங்க."

சே என்று ஆகிவிட்டது. கத்தும்போது என்னை நம்பிய ஊர், உண்மையைச் சொல்லும்போது நம்பவில்லை. அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி வாயை மூடிக்கொண்டிருப்பது. டீக்கடையில் எனக்காக நான் செய்ததும் அதேதான்.

அதனால்தான் இதில் ஒரு பெயரும் எழுதவில்லை. கடை பஜாரில் எந்த இடத்தில் என்றும் சொல்லவில்லை. இப்போது மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கே போகிறேன், தேவையில்லாத வைப்பர் பிளேடு, ஃபியூஸ், எதையாவது வாங்குகிறேன், பேரம் பேசுவதில்லை. அவர் பில்லைச் சரியாகப் போடுகிறார், மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறார், வாங்க சார் என்கிறார். கடையில் வேறு யாராவது இருந்தால் நான் உள்ளே போவதில்லை.